காசநோய் மாத்திரையின் கதை: சேத்துப்பட்டிலிருந்து வாடிப்பட்டி வரை

நர்சிங் படிக்கும் மாணவிகளின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் நடுவில் எங்காவது ஒரு நீளமான மருந்துப் பட்டியல் இருக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், பிரசவ வார்டில் ஆக்சிடோசின், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று போகும் அந்தப் பட்டியலில் நான்கு எழுத்துகள் எப்போதும் சேர்ந்தே வரும். எச், ஆர், இசட், ஈ. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்புடால். நான்கும் காசநோய் மருந்துகள். தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடக்கூடிய பெயர்கள்தான். ஆனால் இந்த நான்கு எழுத்துகளுக்குப் பின்னால் உலகமே கவனித்த ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. அது நடந்த இடம் சென்னை சேத்துப்பட்டு.

இன்று மதுரை, திண்டுக்கல் சாலையில் இருக்கும் வாடிப்பட்டியில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், அவர் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை, இலவச மாத்திரை, ஆறு மாதச் சிகிச்சை. பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடியே குணமாகிவிடுகிறார்கள். இது ஒரு சாதாரண விஷயம் போலத் தெரிகிறது அல்லவா? 1955-ல் இதைச் சொல்லியிருந்தால் பெரிய பெரிய டாக்டர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

மருந்தில்லாத காலம்

காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஜெர்மனியின் ராபர்ட் காக் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. (அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் தினம்.) கிருமி யார் என்று தெரிந்துவிட்டது. அதைக் கொல்ல மருந்து வருவதற்கு மேலும் 60 வருடங்கள் பிடித்தன.

அந்த இடைக்காலத்தில் இருந்த ஒரே வழி சானடோரியம். ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், நல்ல சாப்பாட்டோடு, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக ஓய்வு. சிலருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள். சிலருக்கு விலா எலும்புகளையே எடுப்பார்கள். இன்று கேட்டால் பயமாக இருக்கும் இவையெல்லாம் அன்று முறையான சிகிச்சைகள்.

தென்னிந்தியாவில் இதற்குப் பெயர் பெற்ற இடங்கள் இரண்டு. ஒன்று மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் 1915-ல் தொடங்கிய மிஷன் சானடோரியம். மற்றொன்று தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் டேவிட் சவுரி முத்து தொடங்கியது. சென்னை மின்சார ரயிலில் போகிறவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷன் பெயரைத் தினமும் பார்க்கிறார்கள். பெயருக்குக் காரணம் இந்த மருத்துவமனைதான். அதே சவுரி முத்து அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். அங்கே சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் நம் கணித மேதை ராமானுஜன். அவருக்கு இருந்தது காசநோய் என்றுதான் அன்று கருதினார்கள். அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வு.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வரும். புதுமைப்பித்தன். திரைப்பட வேலைக்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. அந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரப்போவதும் 1948-தான்.

முதல் ஊசி

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொன்ற முதல் மருந்து அதுதான். (1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது தனிக் கதை.)

போர் முடிந்த இங்கிலாந்தில் அந்த மருந்து மிகக் குறைவாகத்தான் கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது. எனவே பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 107 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் என்று பிரித்தது. ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். முடிவுகள் 1948 அக்டோபரில் வெளியாயின. புதுமைப்பித்தன் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ஐந்து வருடம் கழித்து அதே நோயாளிகளைப் பார்த்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் உயிரோடு இல்லை. ஆரம்பத்தில் தெரிந்த பெரிய வித்தியாசம் கரைந்து போயிருந்தது. காரணம், கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பழகிவிட்டன.

நர்சிங் மாணவிகள் காசநோய் மருந்துகளை ஏன் எப்போதும் கூட்டமாகவே படிக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், கோடிக்கணக்கான கிருமிகளில் அந்த மருந்துக்கு அசையாத சில கிருமிகள் பிழைத்துப் பெருகிவிடும். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றில் தப்பியது மற்றொன்றில் சாகும். சுவீடனின் யோர்கன் லேமன் கண்டுபிடித்த பி.ஏ.எஸ். என்ற மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துக் கொடுத்த அடுத்த ஆய்வில் இது நிரூபணமானது.

யாருக்கும் சொந்தமில்லாத மருந்து

1952-ல் வந்தது ஐசோனியசிட். இதன் கதை காமர்ஸ் படிப்பவர்களுக்கும் சுவாரசியமானது. ஹாஃப்மன் லா ரோஷ், ஸ்குவிப், பேயர் என்று மூன்று பெரிய கம்பெனிகள் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே நேரத்தில் இந்த மருந்தைக் கண்டுபிடித்தன. பேட்டன்ட் வாங்கலாம் என்று பார்த்தால் ஓர் அதிர்ச்சி. இதே பொருளை 1912-லேயே பிராக் நகரில் ஹான்ஸ் மேயர், யோசப் மாலி என்ற இரண்டு வேதியியலாளர்கள் தயாரித்து எழுதி வைத்திருந்தார்கள்! அது காசநோயைக் குணமாக்கும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. 40 வருடம் அந்த மருந்து புத்தகத்திற்குள்ளேயே தூங்கியது.

விளைவு? அந்தப் பொருளுக்கு எந்தக் கம்பெனியாலும் தனியுரிமை கோர முடியவில்லை. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். விலை மளமளவென்று இறங்கியது. ஊசி வேண்டாம், மாத்திரை போதும். விலையும் மலிவு. ஏழை நாடுகள் காத்திருந்தது இதற்குத்தான்.

அந்த மருந்தை முதலில் சோதித்த இடங்களில் ஒன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனை. தொற்றுக்குப் பயந்து வெள்ளைக்கார நர்சுகள் விலகிப் போன அந்த மருத்துவமனையைப் பல வருடங்கள் தாங்கி நின்றவர்கள் கறுப்பின நர்சுகள். வேறு பல மருத்துவமனைகளில் நிறத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். சாகக் கிடந்த நோயாளிகள் எழுந்து சாப்பாடு கேட்டதையும் வார்டில் ஆடியதையும் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. ஆடியவர்களுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்து, ஏற்ற இறக்கங்களைக் குறித்து வைத்த கைகள் அந்த நர்சுகளுடையவை.

60 வருடக் கணக்கு

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தியது. காசநோய் நகரத்து நோய் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவு இருப்பது தெரிந்தது. சளியின் வழியாக மற்றவர்களுக்குப் பரப்பும் நிலையில் இருந்தவர்கள் மட்டுமே சுமார் 15 லட்சம் பேர். நாட்டில் இருந்த காசநோய்ப் படுக்கைகளோ சில பத்தாயிரங்கள்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25,000 படுக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு வருடச் சிகிச்சை. 15 லட்சம் பேருக்கும் ஒரு சுற்று முடிய 60 வருடங்கள் ஆகும்! அதுவரை புதிதாக யாருக்கும் நோய் வரக்கூடாது. புதிதாகப் படுக்கைகள் கட்டலாம் என்றால் பணம் எங்கே?

நோயாளியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் நாற்று நடப் போகும் ஒரு பெண்ணுக்குக் காசநோய் என்று வையுங்கள். ஒரு வருடம் சானடோரியத்தில் போய்ப் படுங்கள் என்றால் என்ன ஆகும்? சிகிச்சை இலவசமாகவே இருக்கலாம். ஒரு வருடக் கூலி போய்விடும். பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. பாடப் புத்தகத்தில் ‘வாய்ப்புச் செலவு’ என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பணமே வாங்காத ஆஸ்பத்திரியும் ஓர் ஏழைக்குத் தாங்க முடியாத செலவாக இருந்தது.

சேத்துப்பட்டில் ஒரு சோதனை

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நான்கு தரப்பும் கைகோத்தன. முதல் இயக்குநராக வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். ஐந்து வருடத் திட்டம் என்றுதான் ஆரம்பித்தார்கள்.

சோதனை மிக எளிமையானது. சென்னையின் நெருக்கடியான, ஏழ்மையான பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 200 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மீதிப் பேரை வீட்டுக்கே அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும். இரு தரப்புக்கும் ஒரே காலம், ஒரு வருடம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, காற்றோட்டம், நாள் முழுக்க நர்சுகளின் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கோ ஒற்றை அறை, பெரிய குடும்பம், அரைகுறைச் சாப்பாடு. பலர் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டச் சொன்னால் எல்லோரும் சானடோரியத்தின் மேல்தான் கட்டியிருப்பார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான்! சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் போட்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கிருமியைக் கொன்றது மருந்துதான். சத்தான சாப்பாடும் மலைக்காற்றும் இல்லாமலேயே மருந்து தன் வேலையைச் செய்திருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடாதா? அதையும் விட்டுவைக்கவில்லை. இரு தரப்பு நோயாளிகளின் குடும்பத்தினரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு வாழ்ந்த குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. ஏனென்றால் கூட இருந்தவர்களுக்குத் தொற்றியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே. மருந்து ஆரம்பித்ததும் பரப்பும் சக்தி சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

இதன் பிறகு உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. காசநோயாளியை ஊரை விட்டு ஒதுக்க வேண்டும் என்ற நூற்றாண்டுப் பழக்கத்தை, சென்னையின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த சில ஏழைக் குடும்பங்கள் மாற்றிவிட்டன. அவர்கள் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்த நர்சு

ஆனால் ‘மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதும்’ என்று இந்தச் சோதனையைப் புரிந்துகொண்டால் அது பாதிப் பாடம்தான். மீதிப் பாதியில்தான் நர்சுகள் வருகிறார்கள்.

பி.ஏ.எஸ். சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. ஒரு நாளைக்கு சுமார் 10 கிராம் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும். இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். ‘நன்றாகத்தானே இருக்கிறோம், இன்னும் எதற்கு இந்தக் கஷ்டம்?’ என்று நிறுத்திவிடத் தோன்றும். இது மனித இயல்பு. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இதில் இல்லை.

ஃபாக்ஸின் குழுவுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. பொதுச் சுகாதார நர்சுகளும் ஹெல்த் விசிட்டர்களும் முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளிகளின் வீட்டுக்குப் போனார்கள். மீதி இருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரி வாங்கிப் போய்ச் சோதித்தார்கள். பி.ஏ.எஸ். சாப்பிட்டிருந்தால் சிறுநீரில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்ததும் நிறம் மாறும், சாப்பிடாவிட்டால் மாறாது. மருந்தை வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் அதைச் சாப்பிடுவதில்லை என்ற உண்மை இப்படித்தான் எண்ணிக்கையாகப் பதிவானது.

வந்தவர்கள் போலீஸ் வேலை மட்டும் பார்க்கவில்லை. வாந்தி வருகிறதா, வேலை நேரம் ஒத்துவரவில்லையா, வீட்டில் யாராவது வேண்டாம் என்கிறார்களா என்று கேட்டுச் சரிசெய்தார்கள். 86 சதவீதம் என்ற எண்ணிக்கைக்குள் மருந்தின் பங்கு எவ்வளவோ, வாசல் வரை வந்து உட்கார்ந்து பேசிய இந்தப் பெண்களின் பங்கும் அவ்வளவு இருக்கிறது.

அடுத்த கட்டம் இன்னும் துணிச்சலானது. தினமும் சாப்பிட வைப்பது கஷ்டம் என்றால், வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் மருத்துவமனைக்கு வரவழைத்து நர்சின் கண் முன்னாலேயே கொடுத்தால் என்ன? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியசிட்டும் வாரம் இருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். 1964-ல் வந்த முடிவு நன்றாகவே இருந்தது. கண் முன்னால் மருந்து கொடுக்கும் இந்த முறைதான் பின்னாளில் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. விதை விழுந்த இடங்களில் முக்கியமானது சேத்துப்பட்டு.

பக்க விளைவுகள் எங்கிருந்து வந்தன?

நர்சிங் தேர்வில் தவறாமல் வரும் கேள்விகளில் சில இதே ஆய்வுகளோடு சம்பந்தப்பட்டவை. ‘ஐசோனியசிட்டோடு ஏன் பைரிடாக்சின் தருகிறோம்?’ என்பது ஒன்று. ஐசோனியசிட்டை அதிக அளவில் பெற்ற சில நோயாளிகள் கால் எரிகிறது, மரத்துப் போகிறது என்றார்கள். உடம்பு அந்த மருந்தை மெதுவாகச் சிதைக்கும் தன்மை உள்ளவர்களுக்கு இது அதிகம் வந்தது. சத்துக் குறைவானவர்களுக்கும்தான். வைட்டமின் பி6, அதாவது பைரிடாக்சின், சிறிய அளவில் சேர்த்துக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்பதை ஆராய்ந்து சொன்னவர்களில் சென்னை மையத்தினரும் உண்டு. பாடத்தில் ஒற்றை வரியாக இருக்கும் இந்த விஷயம், கால் எரிச்சலைப் புகாராகச் சொன்ன நோயாளியும் அதைக் காது கொடுத்துக் கேட்ட ஊழியரும் இல்லாமல் வந்திருக்காது.

மற்ற மருந்துகளும் அப்படியே. ரிஃபாம்பிசின் 1957-ல் இத்தாலியின் லெப்பெட்டிட் கம்பெனி, பிரெஞ்சுக் கடற்கரைப் பகுதி மண்ணிலிருந்து கண்டெடுத்த நுண்ணுயிரியின் வழியாக வந்தது. அப்போது பிரபலமாக இருந்த ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படத்தின் பெயரைத்தான் விளையாட்டாக வைத்தார்கள்! இதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அது சரியாக வேலை செய்யாமல் போகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எதாம்புடால் கண்ணைப் பாதிக்கலாம். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் தடுமாற்றம் வருகிறதா என்று கேட்க வேண்டும். பைரசினமைட் மூட்டு வலி தரும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. வாந்தியும் கண்ணில் மஞ்சளும் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய ஸ்ட்ரெப்டோமைசின் காது கேட்பதையும் நடையின் சமநிலையையும் பாதித்தது. முதல்நிலைச் சிகிச்சையிலிருந்து அது விலகியதற்கு ஊசித் தொல்லையோடு இதுவும் ஒரு காரணம்.

ரிஃபாம்பிசின் வந்த பிறகுதான் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்த சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. 1970-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் இதற்கு வழி காட்டின. தொடர்ந்து சென்னையிலும் மதுரையிலும் குறுகிய காலச் சிகிச்சை ஆய்வுகள் நடந்தன. சேத்துப்பட்டு மையத்தின் கிளை ஒன்று மதுரையிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் எர்ஸ்கின் மருத்துவமனை என்று அழைக்கப்பட்ட இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்த நம் ஊர்க்காரர்களும் இந்த அறிவுக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்து உதவியவர்கள்தான்.

சொன்ன பாடமும் மறந்த பாடமும்

சென்னை முடிவை வைத்துத்தான் 1962-ல் தேசியக் காசநோய்த் திட்டம் உருவானது. மாவட்டத்துக்கு ஒரு மையம், அங்கிருந்து நோயாளிகளுக்கு மாத்திரை, வீட்டில் சிகிச்சை. ஆனால் சேத்துப்பட்டு சொன்ன இரண்டு பாதியில் ஒரு பாதியை மட்டும்தான் நாடு எடுத்துக்கொண்டது. மாத்திரை வந்தது, வீட்டுக்கு வரும் நர்சு வரவில்லை. பல நேரங்களில் மாத்திரையும் வரவில்லை. ஆட்கள் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை. பாதியில் நிறுத்திய நோயாளிகளைத் தேடிப் போக யாரும் இல்லை. அரைகுறைச் சிகிச்சையால் என்ன ஆகும் என்பதை 1948-ஆம் வருட ஊசியே காட்டியிருந்தது. கிருமி பழகிக்கொள்ளும். மருந்துக்கு அடங்காத காசநோய் அப்படித்தான் வளர்ந்தது.

1992-ல் திட்டம் மறுபரிசீலனைக்கு வந்தது. 1993-ல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலை என்று அறிவித்தது. 1997-ல் டாட்ஸ் முறையோடு புதிய திட்டம் தொடங்கி, 2006-ல் நாடு முழுவதையும் எட்டியது. சென்னையில் நிரூபித்ததை இந்தியா முழுக்கச் செய்ய சுமார் 40 வருடங்கள்!

2017 முதல் நான்கு மருந்தையும் ஒரே மாத்திரைக்குள் அடைத்துத் தினமும் தரும் முறை நாடு முழுக்க வந்தது. எடையைப் பார்த்து எண்ணிக்கை. பெரியவர்களுக்கு 35 முதல் 49 கிலோ வரை 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை 4 மாத்திரை. இரண்டு மாதம் நான்கு மருந்தும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் நீங்கலாக மூன்றும். எடை கூடினால் மாத்திரையும் கூடும். எனவே எடை பார்க்கும் மெஷினும் இங்கே ஒரு மருத்துவக் கருவிதான்.

மறந்த பாடங்கள் வேறு இரண்டு உண்டு. ஒன்று சாப்பாடு. சாப்பாடு சரியில்லாமலேயே மருந்து வேலை செய்யும் என்று 1959-ல் தெரிந்தது உண்மை. அதற்காக சாப்பாடு முக்கியமில்லை என்று அர்த்தம் ஆகாது. ஜார்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் சத்தான உணவுப் பொருட்கள் கொடுத்தபோது, அந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. இருக்கும் நோயைத் தீர்ப்பது மாத்திரை, வரும் நோயைத் தடுப்பதில் சோற்றுக்கும் பங்கு உண்டு. மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது.

இன்னொன்று படுக்கை. வீட்டிலேயே குணமாகும் என்ற நல்ல செய்தி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று மாறிப் போனதில் ஓர் ஆபத்து இருந்தது. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது. வரும்போதே மிகவும் நலிந்து போய் வருகிறவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. இதைக் கவனித்துத்தான் தமிழ்நாடு அரசு 2022-ல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. புதிதாக வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. நிலைமை மோசமாக இருந்தால் உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும்.

இந்த ஐந்துக்கும் ஸ்கேன் தேவையில்லை, பெரிய டாக்டர் தேவையில்லை. ஓர் எடை மெஷின், உயரம் அளக்கும் டேப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு கைக்கடிகாரம், கொஞ்சம் பொறுமை. வாடிப்பட்டி போன்ற ஊரில் உள்ள அரசு மருத்துவமனையில் ஒரு நர்சால் சில நிமிடங்களில் செய்து முடிக்கக்கூடியது. அந்தச் சில நிமிடங்கள்தான் வீட்டுக்குப் போக வேண்டியவரையும் வார்டுக்குப் போக வேண்டியவரையும் பிரிக்கின்றன.

இன்றைய நிலை

ஐந்து வருடத்துக்கு என்று ஆரம்பித்த சேத்துப்பட்டு மையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. உலகக் காசநோயாளிகளில் சுமார் கால் பங்கினர் இன்றும் இந்தியாவில்தான். 2025-க்குள் ஒழித்துவிடுவோம் என்று 2018-ல் அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளுக்கு இப்போது ஆறு மாதப் புதிய சிகிச்சை வந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு புதிய மருந்து வந்தாலும் பழைய கேள்வி மாறவில்லை. கொடுத்த மாத்திரை உள்ளே போனதா?

இந்தக் கேள்விக்குப் பதில் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. நோயாளியின் முன்னால் உட்கார்ந்து, ‘வாந்தி வருதாம்மா? கால் எரியுதா? ஒண்ணுக்கு ஆரஞ்சாப் போகும், பயப்படாதீங்க’ என்று பேசுகிறவருக்குத்தான் கிடைக்கும். எச், ஆர், இசட், ஈ என்று நாளை தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவி, இன்னும் இரண்டு வருடத்தில் ஏதோ ஓர் ஊரில் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார்.